குள்ளர் குலத்தில் பிள்ளை வளர்ப்பு: கதை எழுதுவோருக்கும் கேம் நடத்துவோருக்கும் ஒரு கையேடு

ஃபேன்டஸிக் கதைகளில் வரும் குள்ளருக்குத் தாடி உண்டு, கோடரி உண்டு, முந்நூறு வருட ஆயுள் உண்டு. தொட்டில் மட்டும் இருக்காது. மூலத்திலேயே குறை இருக்கிறது. பழைய நார்ஸ் புராணத்தில் முதல் குள்ளர்கள் யார் வயிற்றிலும் பிறக்கவில்லை. யிமிர் என்ற அரக்கனின் சதையில் புழுக்களாக நெளிந்தவர்களுக்குத் தேவர்கள் அறிவும் உருவமும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் குழந்தைகளை யார் தூக்கினார்கள், எப்படித் தூங்க வைத்தார்கள் என்று அங்கே தேடினால் கையில் ஒன்றும் சிக்காது. நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டும்போது பெரும்பாலோர் மனிதக் குடும்பத்தை எடுத்துக் குகைக்குள் வைத்துவிடுகிறார்கள். அப்பாவுக்கு ஒரு சம்மட்டி, பிள்ளைக்கு ஒரு குட்டிச் சம்மட்டி, முடிந்தது. அது ஒட்டாது. மலைக்குள் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்த இடத்தில் வளரும் பிள்ளை பெற்றவர் முகத்தைவிட அவர்கள் குரலையும் கையையும்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். இந்த ஒன்றை உறுதியாக வைத்துக்கொண்டால் சடங்கு, விளையாட்டு, தண்டனை எல்லாம் அதிலிருந்தே தானாக வரும்.

மலையைத் தேர்ந்தெடுங்கள்

ஐரோப்பியப் பனிமலை வேண்டாம். கிருஷ்ணகிரி, குப்பம், கோலார் தங்கவயல் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் நடுவில் கிடைக்கும் ஆந்திர எல்லைக் கரட்டு நாடு போதும். காரணங்கள் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி, ஒரு பலகையில் வட்டமாக இடுதுளை போட்டவை. தொல்லியலாளர் கணக்கில் இவை இரும்புக்கால ஈமச்சின்னங்கள். ஊர் வழக்கில் இப்படிப்பட்டவற்றுக்குக் குள்ளர் வீடு, பாண்டவர் வீடு, மோரியர் வீடு என்று பல பெயர். கேரளப் பக்கம் மறையூரில் இதையே முனியறை என்கிறார்கள். அந்தத் துளைக்குள் வளர்ந்த ஆள் நுழைவது கஷ்டம். ஆனால் மூடுகல்லைத் தூக்க அசுர பலம் வேண்டும். உடம்பு சின்னது, பலம் பெரிது என்ற கற்பனை நம் மண்ணில் அப்படித்தான் வேர் பிடித்திருக்கிறது. (பார்க்கப் போகிறவர்கள் மூடுகல் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். கீழே தாங்கும் பலகைகள் தோற்றத்தைவிட மெல்லியவை.)

இன்னொரு காரணம் சுரங்கம். 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயல் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அதில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ஆழம், வெக்கை, திடீரென்று வெடிக்கும் பாறை என்று எல்லாவற்றுக்கும் அங்கே நிஜமான அளவுகள் இருப்பதால் எதையும் மந்திரம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு ஒரு குலப்பெயர் வையுங்கள். "குள்ளன்" நம் தெருவில் வசைச்சொல்லாகவும் ஓடுகிறது. உயரம் குறைந்த நிஜ மனிதர்களும் நம் கதையைப் படிப்பார்கள். இந்தக் கையேட்டில் "மனைக்கல்லார்" என்று ஒரு கற்பனைப் பெயர் வைத்துக்கொள்வோம்.

கணக்கைப் போட்டுவிட்டு எழுதுங்கள்

பலரும் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று மேசையில் ஆடும் கேமின் ஐந்தாம் பதிப்பில் குள்ளரின் ஆயுள் சுமார் 350 வருடம். உடம்பு மனித வேகத்திலேயே வளரும், ஆனால் 50 வயது வரை இளையவர் என்றே சமூகம் பார்க்கும். இது நல்ல முடிச்சு, ஏனென்றால் முதிர்ந்த உடம்போடு 30 வருடம் "சின்னப் பையன்" என்று கேட்டுக்கொண்டிருப்பவன் கோபக்காரனாகத்தான் இருப்பான். ஆனால் நம் தேவைக்கு உடம்பும் கொஞ்சம் மெதுவாக வளரட்டும். ஆயுள் 250, உடம்பு முழுதாக வளர்வது 30இல், குலக்கூட்டத்தில் பேச உரிமை 40இல்.

1,000 பேர் உள்ள ஊர், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால், ஆயுளால் வகுத்தால் வருடத்துக்கு 4 பிறப்பு. 40 வயதுக்குக் கீழே 160 பேர். மடியில் வைத்துப் பார்க்க வேண்டிய, 5 வயதுக்குக் கீழான பிள்ளைகள் வெறும் 20 பேர். அவர்களைச் சுற்றி 840 பெரியவர்கள். குழந்தைச் சாவு அதிகம் என்று வைத்தால் பிறப்பை 5, 6 என்று ஏற்றுங்கள். விகிதம் பெரிதாக மாறாது. மனிதக் கிராமத்தில் 70 வருட ஆயுளுக்கு 18க்குக் கீழே இருப்போர் நாலில் ஒரு பங்கு. இங்கே ஆறில் ஒரு பங்கு கூட இல்லை.

இந்த எண்ணிலிருந்து நிறைய விழும். ஒரே வயதுப் பிள்ளைகள் நாலு பேருக்கு மேல் கிடையாது, அதனால் வகுப்பறை கிடையாது. விளையாட்டில் 8 வயதும் 25 வயதும் ஒரே கட்சியில் நிற்கும். தெருவில் திரியும் அநாதைப் பிள்ளை என்ற பாத்திரம் மனைக்கல்லாரிடம் சாத்தியமே இல்லை. பெற்றவர் இறந்தால் தூக்கிக்கொள்ள 800 பேர் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையையே கதையாக்கலாம்.

சில உலகங்களில் குள்ளரில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான். அப்படி வைத்தால் கூட்டம் குறையாமலிருக்க ஒவ்வொரு பெண்ணும் சராசரியாக மூன்று பெற வேண்டும். இரண்டு என்று எழுதிவிட்டு ஆயிரம் வருடப் பழமை பேசாதீர்கள், கூட்டம் எப்போதோ அழிந்திருக்கும். பிள்ளைகளுக்கு நடுவே 15 முதல் 20 வருட இடைவெளி வையுங்கள். தங்கச்சி பிறக்கும்போது அக்காவுக்கு 18 வயது, பால்பல் கடைசியாக விழுந்த நேரம். அவளே பாதித் தாய்.

அடிக்கடி நடக்கும் தப்பு, மனித வளர்ச்சியின் எல்லா வயதையும் ஒரே எண்ணால் பெருக்குவது. இரண்டரையால் பெருக்கினால் குழந்தை நடக்க இரண்டரை வருடம், பேச அதற்கும் மேல். அதுவரை இடுப்பிலேயே சுமக்க வேண்டும். தாயின் கை உளியைத் தொடாது, ஊர் வேலை நிற்கும். இப்படிச் செய்யுங்கள். முதல் 5 வயது வரை மனித வேகம். 5 முதல் 30 வரை மெதுவாக, தோராயமாக இரண்டு குள்ள வருடத்துக்கு ஒரு மனித வருடம். அந்தக் கணக்கில் 7 வயதில் பால்பல் ஆடும், 18, 19 வரை விழுந்துகொண்டே இருக்கும். பொக்கை வாய்க் காலம் மட்டும் 12 வருடம்! 21இல் குரல் உடையும், 25 வாக்கில் தாடி அரும்பும்.

தொட்டில் மட்டம்

மேலோட்டமான குகையின் வெப்பம் வெளியே வருடம் முழுவதும் உள்ள சராசரி வெப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இந்தக் கரட்டு நாட்டில் அது 25 டிகிரியை ஒட்டி வரும். பிரசவ அறைக்குத் தேவையான சூடும் ஏறக்குறைய அதுவே. ஆகவே தரையிலிருந்து 30 முதல் 50 மீட்டருக்குள் பிள்ளைகளின் தளத்தை வையுங்கள், அடுப்பு மூட்டாமலே குழந்தை குளிராமல் இருக்கும். ஆழத்தில் வைக்காதீர்கள். உலகச் சராசரியில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி ஏறும். கோலார் போன்ற பழம்பாறையில் ஏறுவது அதில் பாதிதான், ஆனாலும் தங்கவயலின் அடியாழத்தில் பாறை 60 டிகிரியைத் தாண்டியது.

காற்று உள்ளே வரும் பக்கம் பிள்ளைகள், வெளியேறும் பக்கம் உலைக்களம். இதை மாற்றி வரைந்த வரைபடங்கள் நிறைய உண்டு. ஈயம் உருக்கும் புகையும், தங்கத்தைப் பாதரசத்தோடு கலந்து சுடும்போது எழும் ஆவியும் பெரியவரைவிடக் குழந்தையின் மூளையைத்தான் முதலில் கெடுக்கும். உலையிலிருந்து வருபவர் நேரே பிள்ளையைத் தூக்கக்கூடாது. தளத்தின் வாசலில் ஒரு கழுநீர்க்கல். அங்கே துணி மாற்றி, கையும் தாடியும் கழுவிவிட்டுத்தான் உள்ளே. தினமும் நடக்கும் இந்தச் சின்ன வேலையே மனைக்கல்லாரின் மிக முக்கியமான பாசச் சடங்கு. நைனாவின் கை ஈரமாக இருந்தால் தூக்கப் போகிறார் என்று பிள்ளைக்குத் தெரியும். காய்ந்த கையோடு யாராவது தூக்கும் காட்சி வந்தால் வாசகர் தானாகப் பதறுவார்.

தூளியைத் தரையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் தொங்க விடுங்கள். விளக்கின் புகை சூட்டோடு மேலே போகும். கரியமில வாயு கனமானது. காற்றோட்டம் செத்த பள்ளத்தில் கீழே தங்கும். தூளி இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கூரைப் பாறையில் நாலு விரல் ஆழத்துக்குத் துளை போட்டு, இரும்பு வளையத்தை ஈயம் காய்ச்சி ஊற்றி இறுக்குவது பழைய கல்வேலை முறை. குழந்தை வரும் முன்பே, அறை காலியாக இருக்கும்போது அதை முடித்துவிட வேண்டும். துணி, துவைத்துத் துவைத்து நைந்த பழைய பருத்திச் சேலை.

தவழும் வயதில் ஆபத்து தரைமட்டத்தில். அதனால் ஒரு விளக்கு எப்போதும் தரையில், பிள்ளையின் மூக்கு உயரத்தில் எரிய வேண்டும். ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கினால் சுடர் அணையும். அதற்கு முன்பே மங்கிக் காட்டும். பாழுங்கிணறு தூர் வாரும் முன் கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பதும் இதற்காகத்தான். எண்ணெய்க்கு ஆமணக்கு நல்லது, நின்று எரியும். புங்கெண்ணெய் புகையும், அது நடைவழிகளுக்குப் போகட்டும்.

"எங்கள் குள்ளருக்கு இருட்டில் கண் தெரியும், விளக்கே வேண்டாம்" என்பவர்கள் உண்டு. தெரியட்டும். ஆனால் பார்வை என்பது முதல் மாதங்களில் எதையாவது பார்த்துப் பார்த்துத்தான் மூளையில் படியும். முழு இருட்டில் வளர்த்த பிள்ளைக்கு நல்ல கண் இருந்தும் பார்க்கத் தெரியாமல் போகும்.

தாடி பிடி

பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. தூரம். மார்பில் கிடக்கும் பிள்ளைக்கு முகம் இருக்கும் தூரம் அதுதான். தோலோடு தோல் ஒட்டிப் போட்டுச் சூடு கொடுப்பது தாய்க்கு மட்டும் உரியதில்லை. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் குறைமாதக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய முறையை இன்று அப்பாக்களும் செய்கிறார்கள். உள்ளங்கையில் எது பட்டாலும் இறுகப் பிடிக்கும் அனிச்சை முதல் ஐந்தாறு மாதம் இருக்கும். இந்த மூன்றையும் சேர்த்தால் தாடி பிடிக்கும் சடங்கு தயார்.

ஒன்பதாம் நாள். தகப்பன் தாடியைச் சீயக்காய் போட்டு அலசி, எண்ணெய் தடவாமல் உலர்த்துகிறான். மணி, வளையம், கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், 4 செ.மீ. துளைக்குள் நுழையும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கும். சட்டையில்லாமல் மல்லாந்து படுத்து, பிள்ளையை மார்பில் குப்புறப் போட்டு, தாடியின் ஒரு பிரியை அதன் கையில் வைக்கிறான். பிள்ளை தானாக விடும்வரை எழுந்திருக்கக் கூடாது. தூங்கினால் விரல் தளரும், அதுவரை காத்திருக்க வேண்டும். அப்பாவும் சேர்ந்து தூங்கிவிடுவதுதான் ஆபத்து. அதனால் பக்கத்தில் ஒரு அவ்வா (பாட்டி) விழித்து உட்கார்ந்திருப்பாள். பிடுங்கி எடுத்த முடியைக் குலதெய்வத்தின் கல்லடியில் வைப்பார்கள்.

உங்கள் உலகத்தில் பெண்களுக்குத் தாடி உண்டா இல்லையா என்பது உங்கள் விருப்பம். இல்லையென்றால் சடைப்பின்னல் அதே வேலையைச் செய்யும். அதை நகைச்சுவைத் துணுக்காக்குவது மட்டும் வேண்டாம், சலித்துவிட்டது.

தட்டு

சுவரில் தாளமாகத் தட்டும் இந்தத் தட்டுதான் மனைக்கல்லார் வளர்ப்பின் உயிர்நாடி. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். நல்ல கருங்கல்லில் 5 கிலோமீட்டர் வரை போகும். 200 மீட்டர் தள்ளி வேலை செய்யும் தாய் சுவரில் சுத்தியலால் தட்டினால், அவள் கூப்பிடும் குரல் வளைவுகளில் முட்டித் தேய்ந்துபோகும் இடத்திலும் தட்டு வந்து சேரும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரோடு ஒரு தட்டும் வைக்கிறார்கள். அதைத் தருபவர் தாய்மாமன். நம் ஊரில் மாமன் மடியில் வைத்துக் காது குத்துவது போலவே, இங்கே மாமன் பிள்ளையை மடியில் வைத்து, அதன் உள்ளங்கையைச் சுவரில் அழுத்திப் பிடித்து, தட்டை மூன்று முறை அடித்துக் காட்டுவான்.

தட்டு அமைக்கும் முறை: தகிட, தகதிமி, தகதகிட என்ற மூன்று, நாலு, ஐந்து அட்சரக் கூறுகளில் இரண்டை எடுத்து ஒட்டுங்கள். மொத்தம் 9 அடிக்கு மேல் போகக் கூடாது. போனால் பதற்றத்தில் அடிக்க வராது. கூறுகளுக்கு நடுவே குறைந்தது அரை நொடி இடைவெளி. இல்லையென்றால் எதிரொலி அடுத்த அடியோடு குழம்பி மூன்று நாலாகக் கேட்கும். உயிரோடு இருக்கும் இருவருக்கு ஒரே தட்டு கூடாது. 160 பிள்ளைகளுக்கு மூன்று கூறை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது என்பதால் அழுத்தம் விழும் இடத்தையும் மாற்றுவார்கள்: எந்தெந்த அடி கனம், எந்தெந்த அடி லேசு என்று. இடைவெளியே இல்லாத ஓரடித் தொடர் "வெளியே ஓடு" என்பதற்கு ஒதுக்கியது. அதை விளையாட்டுக்கு அடித்த பிள்ளைக்குத்தான் இந்தக் குலத்தின் ஆகப் பெரிய தண்டனை: மூன்று நாள் யாரும் அதன் தட்டை அடிக்க மாட்டார்கள். சோறு உண்டு, மடி உண்டு, பேச்சு உண்டு. தட்டு மட்டும் வராது.

தினசரிப் பழக்கம் எளிது. வேலைக்குப் போன தாய், வேலை இடைவெளிகளில் பிள்ளையின் தட்டை அடிப்பாள். பார்த்துக்கொள்பவர் பிள்ளையின் கையைச் சுவரில் வைத்து, அதே தட்டைத் திருப்பி அடிப்பார். ஒன்றரை வயதுக்கு மேல் பிள்ளையே அறைய முயலும், தாளம் தப்பும்; திருத்தக் கூடாது. இரண்டு விஷயங்கள் கெடுக்கும். ஒன்று, சுவரில் விரிசல் ஓடினால் தட்டு தாண்டாது. "அம்மா அடிக்கலை" என்று பிள்ளை நினைத்து ஏங்கும். வயதானவர்கள் அந்த ஏக்கத்தையே விரிசலுக்கு அறிகுறியாக எடுத்துக்கொண்டு பாறையைச் சோதிக்கப் போவார்கள். இன்னொன்று, தாய் அடிக்க மறந்து பிறகு ஈடுகட்டப் பத்து முறை அடிப்பது. எப்போது வரும் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளை அமைதியாக இருக்கிறது. எண்ணிக்கை அதற்கு ஈடாகாது.

தாலாட்டிலும் இதே கவனம் வேண்டும். எதிரொலிக்கும் அறையில் வல்லெழுத்து நெருங்கிய வரி கூழாகிவிடும். நெடில் நிறைய, இடம் விட்டு விட்டு:

ஆராரோ ஆரிரரோ
கல்லுறங்க நீயுறங்கு
மாமன் தந்த தாளமய்யா
மலைமுழுதும் கேக்குதய்யா

கேழ்வரகும் வெயிலும்

ஆறு மாதம் வரை பால் மட்டும். பிறகு கேழ்வரகு: ஓர் இரவு ஊற வைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றிரண்டு நாள் முளைவிட வைத்து, உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்த மாவில் கஞ்சி. முளைவிட வெளிச்சம் வேண்டியதில்லை, குகைக்கு ஏற்ற வேலை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் உண்டு; அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதே முளை மாவில் பெரியவர்கள் கள் போலப் புளிக்க வைத்துக் குடிப்பார்கள். பிள்ளைக்குக் கிடையாது. "குள்ளக் குழந்தை பீர் குடிக்கும்" என்ற பழைய வேடிக்கையை விட்டுவிடலாம்.

கால்சியம் மட்டும் போதாது. வைட்டமின் டி இல்லாமல் அது எலும்பில் ஏறாது, நடக்கத் தொடங்கும்போது கால் வில்லாக வளையும். குள்ளரின் வளைந்த கால் என்ற வழக்கமான சித்திரத்துக்கு இதையே காரணமாக வைக்கலாம்: வெயில் மறந்த குலம். மறக்காத குலம் என்றால் வாரத்தில் நாலு நாள், அரை மணி நேரம் வெயில். காலை ஏழு மணி இளவெயில் சுகமாக இருக்கும், ஆனால் அதில் வைட்டமின் டி-க்கு வேண்டிய கதிர் இருக்காது. நிழல் ஆளைவிடக் குட்டையாக விழும் நேரம் வேண்டும். குட்டை ஆளுக்கும் இதே விதிதான். மழைமாதத்துக்கு முட்டை மஞ்சள் கரு, கல்லீரல், பிறகு காளான்: நறுக்கி, மடிப்புப் பக்கம் மேலே தெரிய நண்பகல் வெயிலில் காய வைத்தால் வைட்டமின் டி அதிலேயே ஊறும்.

வெயிலுக்குப் போவதைவிடத் திரும்புவதில்தான் விபத்து. வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஆகவே வாசலுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு "பொறுக் கூடம்" வையுங்கள். அங்கே உட்கார்ந்து கதை சொல்வார்கள். மனைக்கல்லார் பிள்ளைகளுக்குக் குலக்கதை எல்லாம் தெரிந்திருப்பது இந்த அரை மணிக் காத்திருப்பால்தான், எந்தப் பள்ளிக்கூடத்தாலும் இல்லை.

கையில் சுத்தி

7 வயதில் 200 கிராம் சுத்தி. அதற்கு உளி கிடையாது, தட்டிக் கேட்க மட்டும். 15இல் அரைக் கிலோ சுத்தியும் உளியும், நனைத்த கல்லில் மட்டும். உலர்ந்த கருங்கல்லைச் செதுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் அதற்கு மருந்து கிடையாது. பிள்ளைகள் உள்ள இடத்தில் உலர்கல் வேலை கூடாது என்பது குலச் சட்டம். 21இல் ஒரு கிலோ, ஆப்பு அடிக்கக் கற்றல். 30க்கு முன் சம்மட்டி இல்லை, உடம்பு தாங்காது.

கேட்பதுதான் முதல் பாடம். சிற்பிகள் தட்டிப் பார்த்து ஒலியை வைத்தே ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரிப்பார்கள். சுரங்கத்தில் இறங்குபவர்களும் கூரையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போவார்கள். இறுக்கமான பாறை கணீரென்று கேட்கும். பிரிந்து நிற்கும் பலகை பொத்தென்று ஒலிக்கும். 7 வயதுப் பிள்ளையின் காது பெரியவர் காதைவிடக் கூர்மை, ஏனென்றால் பெரியவர் வருடக்கணக்கில் சம்மட்டிச் சத்தத்தில் காதைக் கொடுத்தவர். பிள்ளை சொல்வதைப் பெரியவர் நம்பியாக வேண்டிய இடம் இது. பாசம் மரியாதையாக மாறுவதும் இங்கேதான். உரையாடலில் எல்லைத் தமிழ் கேட்கட்டும்:

"தட்டுடா கண்ணு."

"தட்டிட்டேன் அவ்வா. கணீர்னு இருக்குது."

"அந்தாண்ட?"

"அங்க பொத்துனு கேக்குது."

"அப்ப அங்க நிக்காத. இந்தாண்ட வந்து நைனாகிட்ட நீயே சொல்லு."

நைனா அதைக் கேட்டுவிட்டு வேலையை நிறுத்த வேண்டும். ஒரு முறை அலட்சியம் செய்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. பொய்யாகப் "பொத்" சொல்லி விளையாடினாலும் வேலை நிற்கும்; நின்ற நேரத்துக்குப் பிள்ளையும் சேர்ந்து அந்தக் கூரை முழுவதையும் தட்டித் தீர்க்க வேண்டும். அடி, திட்டு இல்லாமல் அதுவே போதும்.

மேசையில் ஆடும்போது

கேம் நடத்துபவர் இவ்வளவையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். குள்ளப் பாத்திரம் எடுக்கும் ஆட்டக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உன் தட்டு எது, அதைத் தந்த மாமன் இருக்கிறாரா, கடைசியாக அதை யார் அடித்துக் கேட்டாய்? தட்டை மேசையில் விரலால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து ஆட்டம் கழித்து, சரிந்த சுரங்கத்துக்குள் குழு மாட்டியிருக்கும்போது, எதுவும் சொல்லாமல் அதே தட்டை நீங்கள் மேசையில் அடியுங்கள். பகடை தேவைப்படாது.

இங்கே கெடுவது ஒரே வழியில்: குழந்தைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, ஆட்டக்காரரை உலுக்குவதற்காக உடனே கொன்றுவிடுவது. 1,000 பேருக்கு வருடம் நாலு பிறப்பு உள்ள ஊரில் ஒரு பிள்ளையின் சாவு ஊரையே பல வருடம் முடக்கும். அந்த முடக்கத்தை ஆட நேரமும் மனமும் இல்லையென்றால் பிள்ளையைத் தொடாதீர்கள். மாறாக, அதைக் காணாமல் போகச் செய்து, சுவரில் தாளம் தப்பிய ஒரு தட்டு மட்டும் கேட்கட்டும். எந்தச் சுவர், எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே ஒரு முழு ஆட்டம் ஓடும்: பாறையில் வேகமாகவும் காற்றில் மெதுவாகவும் வரும் இரண்டு ஒலிக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஆட்டக்காரர்கள் எண்ணட்டும். ஒரு நொடி என்றால் சுமார் 360 மீட்டர். அரை நொடி என்றால் அதில் பாதி.